ஓஎஸ் மாறட்டும், டேட்டா இருக்கட்டும்: வீட்டு சர்வரைப் புதுசாக்குவது எப்படி?

உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் போதும் என்றால் உபுண்டு ப்ரோவில் பதிவு செய்துகொள்ளலாம். சொந்த உபயோகத்துக்கு ஐந்து மெஷின் வரை இலவசம்தான். ஆனால் பழைய சட்டைக்கு எத்தனை நாள் ஒட்டுப் போடுவது? 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வந்தது. ஒடுகத்தூர் வீட்டு மூலையில் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அதற்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் நண்பர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: “உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடாதா?”

போகாது. ஆபரேட்டிங் சிஸ்டம் வேறு, டேட்டா வேறு. வாடகைக்காரர் வீடு மாறுகிற மாதிரிதான் இது. ஆனால் வீடு மாறும்போது பீரோவையும் கட்டிலையும் யாரும் மறப்பதில்லை. பரண் மேல் போட்டதும், சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்த ரசீதும்தான் விட்டுப்போகும். சர்வரிலும் அப்படித்தான். பெரும்பாலும் தொலைந்து போவது, டேட்டா என்றே நாம் நினைக்காத டேட்டா. இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியது.

என் சர்வரில் என்ன இருக்கு?

பழைய டெஸ்க்டாப் பெட்டிதான். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் ஓஎஸ். 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும்படி லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டில் ஜோடி சேர்த்திருக்கிறேன். இதை ரெய்டு-1 என்பார்கள்.

ரெய்டு இருந்தால் பேக்கப் இருக்கு என்று நினைப்பவர்கள் நிறைய. இல்லை. ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று காப்பாற்றும், அவ்வளவுதான். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழிந்துவிடும்.

உள்ளே இருப்பவை: குடும்பப் போட்டோக்கள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், கொஞ்சம் சினிமா, பாட்டு. அப்புறம் என் ஆராய்ச்சிச் சரக்கு. ஜவ்வாது மலை அடிவாரத்திலும் ஆம்பூர்ப் பக்கமும் சுற்றி எடுத்த நடுகல் படங்கள் ஒரு பக்கம். பாலாற்றுப் படுகைக் கிணறுகளின் டிடிஎஸ் அளவுகள் இன்னொரு பக்கம். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றிய வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 ஆகஸ்ட் 28-ல். அந்தத் தீர்ப்பைப் படித்த ஆர்வத்தில், போகிற ஊரிலெல்லாம் கிணற்றுத் தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்த்துக் குறித்து வைக்கும் பழக்கம் வந்தது. அந்தக் குறிப்புகள் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கின்றன.

ஆகுதி மட்டும் மிஞ்சிய கதை

டெக்னிகல் விஷயத்துக்குள் போகும் முன் ஒரு பழைய கதை. இதைவிட நல்ல எச்சரிக்கை எனக்குக் கிடைக்கவில்லை.

உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருப்பது இது. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போகிறார். பாண்டிய அரச குடும்பத்து ஏடுகள் கோயிலில் வந்து சேர்ந்திருப்பதாகக் கேள்வி. அங்கே அவருக்குக் கிடைத்த பதில், பழைய ஏடுகளையெல்லாம் சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து அக்கினியில் ஆகுதி செய்துவிட்டோம் என்பது.

இந்த வழக்கம் எப்படி வந்திருக்கும் என்பதையும் அவரே விளக்குகிறார். அந்தக் காலத்தில் ஏடு பழுதானால் அதைப் பார்த்துப் புது ஏட்டில் பிரதி செய்துகொள்வார்கள். பிறகுதான் பழையதை மரியாதையாக நெருப்பில் இடுவார்கள். புதுப் பிரதி கையில் இருப்பதால் நஷ்டமில்லை. பின்னால் வந்தவர்கள் பிரதி எடுப்பதை விட்டுவிட்டு, ஆகுதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

யோசித்துப் பார்த்தால், ஓஎஸ் ரீஇன்ஸ்டால் என்பதும் இதே இரண்டு வேலைதான். பிரதி எடுப்பது நாள்கணக்கில் ஆகும், சலிப்பான வேலை. அழிப்பது ஒரு நிமிட வேலை, அதுவும் இன்ஸ்டாலரே கேட்டுச் செய்துகொடுத்துவிடும். அவசரத்தில் எந்த வேலை விட்டுப்போகும் என்று சொல்லவே வேண்டாம்.

மூன்று குவியல்

முதலில் ஒரு நோட்டு எடுத்து, இருப்பதையெல்லாம் மூன்றாகப் பிரியுங்கள்.

ஒன்று, மறுபடி சுலபமாகக் கிடைப்பவை. சினிமா, பாட்டு, இணையத்தில் இறக்கிய பிடிஎஃப்.

இரண்டு, மெனக்கெட்டால் கிடைப்பவை. பத்திர ஸ்கேன் போனால் மூலப்பத்திரம் பீரோவில் இருக்கிறது, உட்கார்ந்து மறுபடி ஸ்கேன் பண்ணலாம். ஆம்பூரில் கிடைத்த பல்லவ நிருபதுங்கன் காலத்து நடுகல் கல்வெட்டுகளின் பாடமும் இந்தக் குவியல்தான். அது ‘எபிகிராஃபியா இண்டிகா’வில் அச்சாகி உலகம் முழுக்க நூலகங்களில் இருக்கிறது.

மூன்று, கிடைக்கவே கிடைக்காதவை. வரப்போரம் கிடந்து, இன்றைக்கு ரோட்டுக்கு அடியில் போய்விட்ட கல்லின் படம். இறந்துபோன பாட்டியின் குரல். 2014-ல் ஒரு கிணற்றில் எடுத்த டிடிஎஸ் அளவு. அந்தக் கிணறு இன்னும் இருக்கிறது, மீட்டரும் இருக்கிறது, ஆனால் 2014-ம் வருஷத் தண்ணீர் இல்லை.

இப்படிப் பிரித்ததும் ஒரு உண்மை தெரிந்தது. 4 டிபி டிஸ்கில் மூன்றாவது குவியல் ரொம்பச் சின்னது. கிணற்று அளவுகள் மொத்தமும் ஒரு சினிமாப் பாட்டை விடச் சின்ன ஃபைல். அதனால் “அவ்வளவு பெரிய டிஸ்குக்கு எங்கே பேக்கப் எடுக்கிறது” என்ற சாக்கு செல்லாது. மூன்றாவது குவியலுக்கு மூன்று பிரதி, இரண்டாவதற்கு இரண்டு, முதலாவதற்கு இடம் இருந்தால் ஒன்று.

பரண் மேல் இருப்பவை

போட்டோக்கள் பெரிய டிஸ்கில் இருக்கின்றன, ஓஎஸ் தனி எஸ்எஸ்டியில் இருக்கிறது, எஸ்எஸ்டியைத் தைரியமாக அழிக்கலாம் என்றுதான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஓஎஸ் டிஸ்குக்குள் ஒளிந்திருப்பவை இவை:

டேட்டாபேஸ். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் எதுவானாலும், நாமாக மாற்றாதவரை ஓஎஸ் டிஸ்கில் ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘லிப்’ என்ற ஃபோல்டரில்தான் உட்கார்ந்திருக்கும். என் மூன்றாவது குவியலின் மிக முக்கியமான பொருள், பெரிய டிஸ்கில் இல்லவே இல்லை. அழிக்கலாம் என்று நினைத்த எஸ்எஸ்டியில்தான் இருந்தது.

அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தாலும் போதாது. உபுண்டு 20.04-ல் இருப்பது போஸ்ட்கிரெஸ் 12. டெபியன் 13-ல் இருப்பது 17. ஒரு பெரிய பதிப்பின் டேட்டா ஃபோல்டரை இன்னொரு பதிப்பு திறக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது காப்பி எடுத்தால் பாதி எழுதிய நிலையில் வேறு வரும். ‘பிஜி-டம்ப்-ஆல்’ கட்டளை கொடுத்தால் எல்லாவற்றையும், யூசர் பெயர்கள் உட்பட, படிக்கக்கூடிய எழுத்தாக வெளியே கொட்டித் தரும். எந்தப் புதுப் பதிப்பிலும் ஏற்றலாம்.

டாக்கர் வால்யூம்கள். டாக்கரில் போட்டோ கேலரி, நோட்ஸ் என்று ஓட்டுபவர்களுக்கு அதன் உள்சரக்கும் அதே ‘லிப்’ ஃபோல்டரில்தான்.

செட்டிங்ஸ். ‘ஈடிசி’ ஃபோல்டர் முழுவதும். சாம்பா ஷேர், டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல், எஸ்எஸ்எச் சாவிகள் எல்லாம் அதில். பழையதைப் புது ஓஎஸ் மேல் அப்படியே கொட்டக் கூடாது. பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளத்தான்.

கிரான் வேலைகள். ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஓடும் பேக்கப்பை யார் ஓட்டுகிறார்கள் என்பது வருஷக்கணக்கில் நினைவில் இருக்காது. ஒவ்வொரு யூசருக்கும் கிரான் பட்டியலைத் தனியாக எழுதி வையுங்கள்.

யூசர் எண்கள். லினக்ஸ் ஒரு ஃபைலின் சொந்தக்காரரைப் பெயரால் நினைவு வைப்பதில்லை, எண்ணால். முதல் யூசர் 1000, அடுத்தவர் 1001. பழைய சர்வரில் மனைவி 1001, மகள் 1002 என்று இருந்து, புதியதில் வரிசை மாற்றி உருவாக்கினால், அம்மாவின் ஃபைல் மகளுக்குப் போய்விடும். எண்களைக் குறித்துக்கொண்டு அதே எண்ணில் உருவாக்குங்கள்.

சாவிகள். டிஸ்கை என்க்ரிப்ட் பண்ணியிருந்தால் பாஸ்வேர்டும், லக்ஸ் ஹெடரின் பிரதியும் வெளியே இருக்க வேண்டும். பேக்கப்புக்கே பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டை சர்வருக்குள்ளேயே வைத்திருந்தால், பூட்டுக்குள் சாவியை வைத்த கதைதான்.

பிரதி எடுப்பது

பீட்டர் க்ரோ என்ற போட்டோகிராஃபர் பிரபலப்படுத்திய 3-2-1 விதி இருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் எதற்கு என்று நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2021 நவம்பரில் பாலாறு எப்படிப் போனது என்று எல்லாரும் பார்த்தோம். என் மூன்றாவது பிரதி வேலூரில் தம்பி வீட்டில் இருக்கிறது.

காப்பி ஆரம்பிக்கும் முன் டிஸ்கின் ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் இருந்தால், முதலில் மூன்றாவது குவியலை மட்டும் எடுத்துவிடுங்கள். மொத்த டிஸ்கையும் ஒரே மூச்சில் படிப்பது வயசான டிஸ்குக்குக் கடுமையான வேலை.

நேரக் கணக்கும் முக்கியம். நொடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தால் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம். பழைய யூஎஸ்பி 2.0 கேபிளில் நொடிக்கு 35 எம்பிதான் வரும் என்றால் கிட்டத்தட்ட 32 மணி நேரம். நடுவில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் வந்தால் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. அதனால் சும்மா காப்பி-பேஸ்ட் வேண்டாம், ‘ஆர்சிங்க்’ பயன்படுத்துங்கள். பாதியில் நின்றாலும், மறுபடி கொடுத்தால் முடிந்த ஃபைல்களை விட்டுவிட்டு மீதியைத் தொடரும். எக்ஸ்டர்னல் டிஸ்க் விண்டோஸ் ஃபார்மேட்டில் இருந்தால் சொந்தக்காரர் எண்ணும் பர்மிஷனும் ஒழுங்காகத் தங்காது. அதை ஈஎக்ஸ்டி4-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டார் கட்டாகக் கட்டிப் போடுங்கள்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் இரண்டு சங்கதி.

ஈஎக்ஸ்டி4-ல் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் மூன்று பைட். ‘கி’ என்பது க-வும் கொக்கியுமாக இரண்டு குறி, ஆக ஆறு பைட். 85 குறி வந்தாலே இடம் முடிந்தது, எழுத்துக் கணக்கில் ஐம்பது சொச்சம்தான். விண்டோஸ் கணக்கிடும் முறை வேறு, அங்கே 255 குறி வரை இடம் உண்டு. ஊர், கல், தேதி என்று நீளமாகத் தமிழில் பெயர் வைத்த ஃபைல் விண்டோஸில் இருக்கும், லினக்ஸுக்கு வராது. அந்த எரர் ஆயிரம் வரிகளுக்கு நடுவில் ஓடிப்போய்விடும். அதனால் எரர்களைத் தனி ஃபைலில் எழுதச் சொல்லி, கடைசியில் படியுங்கள்.

அடுத்தது இன்னும் நுணுக்கம். ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி, அல்லது கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் ப்ளஸ் ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். மேக்கில் இருந்து வந்த ‘கொடுக்கந்தாங்கல்’ ஃபோல்டரும் லினக்ஸில் அடித்த ‘கொடுக்கந்தாங்கல்’ ஃபோல்டரும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக நிற்கும். இரண்டில் ஒன்று டூப்ளிகேட் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். உள்ளே திறந்து பாருங்கள்.

சரிபார்க்காத பிரதி பிரதியே இல்லை

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது கம்ப்யூட்டர் உலகத்தில் பிரசித்தம். ராத்திரி வேலையில் ஒரு இன்ஜினியர், வேறு சர்வரில் இருப்பதாக நினைத்து, மெயின் சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப்பை எடுப்போம் என்று பார்த்தால், வைத்திருந்த ஐந்து வழியில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. போஸ்ட்கிரெஸ் 9.6 டேட்டாபேஸுக்கு 9.2 பதிப்பின் பிஜி-டம்ப் ஓடிக்கொண்டிருந்ததால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுப்போயிருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயிலும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு காரணத்துக்காக எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

அவர்களிடமே அந்த நிலைமை என்றால் நாம் எம்மாத்திரம்? ஏடு எழுதுபவர்கள் மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பு நோக்குவார்கள். நமக்கு அந்த வேலையை ‘ஷா-256’ செய்து தருகிறது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை எண் எடுத்து, பிரதியிலும் அதே எண் வருகிறதா என்று பார்க்கலாம். மூலத்தில் எத்தனை ஃபைல், பிரதியில் எத்தனை என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸுக்கு அது போதாது. டம்ப் ஃபைலை லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் 17 போட்டு உண்மையிலேயே ஏற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு அட்டவணையிலும் எத்தனை வரி, கடைசித் தேதி என்ன, தமிழ் ஊர்ப்பெயர்கள் கேள்விக்குறியாகாமல் தமிழாகவே இருக்கின்றனவா என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். சர்வரைத் தொடும் முன்பே டேட்டா இன்னொரு மெஷினில் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, பாதி பயம் போய்விட்டது.

இன்ஸ்டால் நாள்

இரண்டே இரண்டு விதி.

ஒன்று, டேட்டா டிஸ்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மெஷினை ஆஃப் பண்ணி, பெட்டியைத் திறந்து, இரண்டு சாட்டா கேபிளையும் பிடுங்கி வையுங்கள். இன்ஸ்டாலர் காட்டும் பட்டியலில் டிஸ்க் பெயர்கள் ஒவ்வொரு பூட்டுக்கும் மாறக்கூடியவை. இன்றைக்கு ‘எஸ்டிஏ’ என்று இருப்பது நாளைக்கு ‘எஸ்டிபி’ ஆகலாம். கழற்றி வைத்த டிஸ்கை யாராலும் தவறுதலாக ஃபார்மேட் பண்ண முடியாது. கழற்றும்போது சீரியல் நம்பர் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள். பேக்கப் டிஸ்கும் அன்றைக்கு மெஷின் பக்கத்திலேயே இருக்க வேண்டாம்.

இரண்டு, பழைய எஸ்எஸ்டியை அழிக்காதீர்கள். புது எஸ்எஸ்டி ஒன்று வாங்கி அதில் இன்ஸ்டால் பண்ணுங்கள். பழையதைக் கழற்றி அப்படியே வையுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதில் இருக்கும். எதுவுமே சரிவரவில்லை என்றால் பத்து நிமிடத்தில் பழைய டிஸ்கை மாட்டிப் பழைய சர்வருக்கே திரும்பிவிடலாம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

திரும்ப மாட்டுவது

புது ஓஎஸ் தனியாக ஒழுங்காக பூட் ஆகிறது, யூசர்களை அதே எண்ணில் உருவாக்கியாச்சு என்ற பிறகு, ஆஃப் பண்ணிவிட்டு டேட்டா டிஸ்குகளை மாட்டலாம்.

லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டில் ஒரு நல்ல விஷயம், “நாங்கள் இருவரும் ஜோடி” என்ற தகவல் டிஸ்குகளிலேயே எழுதியிருக்கும். பழைய ஓஎஸ் போனாலும் அது போகாது. ‘எம்டி-ஏடிஎம்’ நிரலிடம் ‘அசெம்பிள்’ என்று சொன்னால், இரண்டையும் தேடிப் பிடித்துச் சேர்த்துவிடும். எந்தக் காரணத்துக்கும் ‘கிரியேட்’ என்று சொல்லாதீர்கள். அது புது ஜோடியை உருவாக்கும் கட்டளை, பழைய குறிப்பின் மேலேயே எழுதிவிடும். இசட்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு பழைய ஓஎஸ்ஸில் ‘எக்ஸ்போர்ட்’, புதியதில் ‘இம்போர்ட்’. அதில் பூலை அப்கிரேடு பண்ணச் சொல்லித் திரையில் வரும் யோசனையை இப்போதைக்கு ஒதுக்குங்கள். அப்கிரேடு பண்ணினால் பழைய ஓஎஸ்ஸால் அதைத் திறக்க முடியாமல் போகலாம், திரும்பும் வழி அடைபடும். தனி ரெய்டு கார்டு போட்டிருப்பவர்கள் கார்டை மாற்றாமல் இருப்பது நல்லது, ஜோடி விவரம் அந்தக் கார்டின் பாஷையில்தான் எழுதியிருக்கும்.

சேர்ந்த பிறகு, முதலில் படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் மவுண்ட் பண்ணுங்கள். நான்கைந்து போட்டோ திறந்து பாருங்கள். நோட்டில் எழுதிய ஃபைல் எண்ணிக்கை வருகிறதா, இரண்டு டிஸ்கும் ஜோடியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் நிரந்தர மவுண்ட் பட்டியலில் டிஸ்க் பெயர் போடாமல் யூயூஐடி எண்ணைப் போடுங்கள். புது ஓஎஸ்ஸில் ரெய்டின் பெயர் ‘எம்டி0’ என்பதிலிருந்து ‘எம்டி127’ என்று மாறி வருவது சகஜம், யூயூஐடி மாறாது. கூடவே ‘நோஃபெயில்’ என்று சேர்த்தால், ஒரு நாள் டிஸ்க் கிடைக்காமல் போனாலும் சர்வர் பூட் ஆகாமல் நின்றுவிடாது.

கடைசியாக டேட்டாபேஸ் டம்பை ஏற்றி, வரி எண்ணிக்கையை நோட்டோடு ஒப்பிடுங்கள். சாம்பாவுக்கு யூசர் பாஸ்வேர்டு தனி, மறுபடி கொடுக்க வேண்டும். கிரான் வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். பேக்கப் கிரானைப் போட்ட மறுநாள் காலையில் அது உண்மையில் ஓடியதா என்று கண்ணால் பாருங்கள். வாரக்கணக்கில் ஓடாமலே இருந்தாலும் சர்வர் நன்றாக ஓடுகிற மாதிரிதான் தெரியும்.

பழையதை எப்போது அழிப்பது?

என் கணக்கு இது: புது சர்வரில் இருந்து குறைந்தது ஒரு முழு பேக்கப் எடுத்து, அதிலிருந்து சில ஃபைலையும் டேட்டாபேஸையும் வேறு மெஷினில் மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஓடும் வேலைகள் எல்லாம் ஒரு சுற்று ஓடியிருக்க வேண்டும். வருஷம் ஒருமுறை மட்டும் ஓடும் வேலை ஏதாவது இருக்கிறதா என்று பழைய கிரான் பட்டியலை இன்னொரு தடவை படிக்க வேண்டும். அதுவரை பழைய எஸ்எஸ்டியை யாரும் ‘சும்மாதானே கிடக்கு’ என்று எடுத்து லேப்டாப்பில் போட்டுவிடக் கூடாது.

அதற்காக அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். கழற்றிய தேதி, உள்ளே இருக்கும் ஓஎஸ், ‘சரிபார்த்த பிறகே அழிக்கவும்’, அதற்குக் கீழே தேதி எழுத ஒரு காலிக் கட்டம். கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.